இறந்தோருக்காக நாம் ஏன் மன்றாடுகிறோம்?

நவம்பர் 2-ஆம் நாள் மாலையில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றிருக்கிறீர்களா, தோழியரே? ஆண்டு முழுவதும் எருக்கும் நெருஞ்சியும் மண்டி, ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடக்கும் இடம் அன்று அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஒரு வாரத்திற்கு முன்பே புல்லைச் செதுக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, அழிந்துபோன பெயர்களுக்குக் கறுப்பு மை பூசியிருப்பார்கள். சாமந்தி மாலையும் மெழுகுதிரியும் ஊதுவத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து சேர்வார்கள். பங்குத்தந்தை திருப்பலி முடித்து, தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வருவார். இருட்டிய பின் பார்த்தால் தரையெல்லாம் விளக்குகள்!

இதைக் காணும் பிற சமயத் தோழியர் நம்மிடம் காரணம் கேட்கிறார்கள். நமக்கோ பதில் சொல்லத் தெரிவதில்லை. "எங்கள் வழக்கம் அப்படி" என்று மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வழக்கம் என்பது ஒரு பதிலாகுமா? பாட்டி செய்தார், அம்மா செய்கிறார், நாமும் செய்கிறோம் என்றால், நம் பிள்ளைகள் ஒருநாள் அதை விட்டுவிடவும் கூடும் அல்லவா? ஆகவே இந்தக் கேள்வியை நாம் நேராக நின்று எதிர்கொள்வது நல்லது.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், மதிய உணவு வேளையில் எங்கள் மேல்நிலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. எங்களுள் இந்துத் தோழியர் உண்டு; தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் உண்டு; முஸ்லிம் சகோதரியரும் உண்டு. ஞானோபதேச வகுப்புக்கும் நன்னெறி வகுப்புக்கும் தனித்தனியே பிரிந்து போனாலும், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஒன்றாகத்தானே உட்காருகிறோம்! முதலில் இந்துத் தோழி ஒருத்தி கேட்டாள்: "நாங்கள் ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோம். அதைத்தான் நீங்கள் மெழுகுதிரி ஏற்றிச் செய்கிறீர்களா?" அடுத்துத் தென்னிந்தியத் திருச்சபைத் தோழி கேட்டாள்: "இறந்தவுடன் தீர்ப்பு முடிந்துவிடுகிறதே! பிறகு செபித்து என்ன பயன்? வேதத்தில் இதற்கு ஆதாரம் எங்கே?" மூன்றாவது கேள்வியை அன்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அது எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்ட ஒரு தோழியின் மனத்தில் இருந்தது. அதைப் பின்னர் சொல்வோம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மறைந்தவரை மறவாமை தமிழ் மண்ணுக்குப் பொதுவான பண்பு. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரை எண்ணும்போது, திருவள்ளுவர் தென்புலத்தாரைத்தான் முதலில் வைத்தார். தெய்வம்கூட அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது. எங்கள் முஸ்லிம் தோழியும், "ஜனாஸாத் தொழுகையில் நாங்களும் இறந்தவரின் பாவமன்னிப்புக்காக அல்லாஹ்விடம் மன்றாடுகிறோமே" என்றாள். ஆகவே, இறந்தவர்க்கு நாம் ஏதோ ஒரு கடமை செய்ய வேண்டியவர்கள் என்ற உணர்வு நம் எல்லாருக்கும் உண்டு. அதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் வேற்றுமையும் உண்டு. கிறிஸ்தவ விசுவாசத்தின்படி இறந்தவருக்குப் பசியுமில்லை, தாகமுமில்லை. செபிக்காவிட்டால் அவர்கள் ஆவியாக வந்து நம்மைத் துன்புறுத்துவார்கள் என்ற அச்சத்திற்கும் இடமில்லை. அவர்களை அழைத்துப் பேசுவதும் குறி கேட்பதும் உபாகமத்திலேயே விலக்கப்பட்ட செயல்கள். இறந்தோருக்காகச் செபிக்கும்போது நாம் பேசுவது கடவுளிடம். தேர்வுக்குப் போகும் முன், "எனக்காக வேண்டிக்கொள்" என்று தோழியிடம் சொல்கிறோம். நோயுற்ற அப்பாவுக்காகக் கோவிலில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அப்பாவின் மூச்சு நின்றுவிட்ட மறு நிமிடம் அந்த மன்றாட்டு மட்டும் அர்த்தமற்றதாகிவிடுமா? நேற்றுவரை அவரைக் கடவுளிடம் ஒப்படைத்த நாவு இன்று ஏன் மௌனமாக வேண்டும்? திருச்சபையின் போதனை மிக எளியது: சாவு உடலைப் பிரிக்கிறது, கிறிஸ்துவில் ஒன்றானவர்களைப் பிரிப்பதில்லை. விசுவாசப் பிரமாணத்தில் 'அர்ச்சியசிஷ்டவர்களுடைய ஐக்கியம்' என்று நம் பாட்டிமார் ஒப்புவித்ததன் பொருள் இதுவே. உலகில் பயணம் செய்யும் நாம், தூய்மை பெறும் ஆன்மாக்கள், விண்ணகத்தில் மகிழ்ந்திருக்கும் புனிதர் ஆகிய மூவகையினரும் ஒரே குடும்பம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் மீண்டும் எடுத்துரைத்தது.

இனி இரண்டாவது கேள்வி. வேதத்தில் ஆதாரம் உண்டா? மக்கபே இரண்டாம் ஆகமம் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் நடந்தது அது. யூதர்களின் தலைவர் யூதாஸ் மக்கபே, போரில் மடிந்த தம் வீரர்களை அடக்கம் செய்யப் போகிறார். பிணங்களை எடுக்கும்போது ஓர் அதிர்ச்சி! மடிந்த ஒவ்வொருவனுடைய உடைக்குள்ளும் சட்டம் விலக்கியிருந்த விக்கிரகத் தாயத்துகள் இருக்கின்றன. இதனால்தான் இவர்கள் செத்தார்கள் என்று எல்லாருக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் பிணத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போகவில்லை. "பாவத்துக்குத் தக்க கூலி" என்று கைகழுவவும் இல்லை. முழந்தாளிட்டு, அந்தப் பாவம் முற்றிலும் மன்னிக்கப்பட வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். யூதாஸ் வீரர்களிடம் பணம் திரட்டி, இரண்டாயிரம் வெள்ளிக்காசுகளைப் பாவப் பரிகாரப் பலிக்காக யெருசலேமுக்கு அனுப்பிவைக்கிறார். உயிர்த்தெழுதலை அவர் நம்பியதால்தான் இப்படிச் செய்தார் என்று அந்த ஆகமமே காரணம் கூறுகிறது.

நம் புரொட்டஸ்டாண்ட் சகோதரர்களின் வேதாகமத்தில் மக்கபே ஆகமங்கள் சேர்க்கப்படவில்லை என்பது உண்மையே. எனவே இதை அவர்கள் தேவவாக்காக ஏற்கவேண்டும் என்று நாம் வற்புறுத்த முடியாது. ஆனால் ஒன்றை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ஆண்டவர் பிறப்பதற்கு முன்பே யூத மக்கள் இறந்தோருக்காக மன்றாடினார்கள் என்பதற்கு இது ஒரு வரலாற்றுச் சான்று. பெற்றோர் இறந்தபின் பதினொரு மாதம் கதீஷ் என்னும் செபத்தைச் சொல்லும் வழக்கம் யூதரிடம் இன்றும் உண்டு. புதிய ஏற்பாட்டில், புனித சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ஒனேசிப்பொரு என்பவரின் குடும்பத்தாரைத் தனியாக வாழ்த்துகிறார். ஒனேசிப்பொருவுக்கு இறுதி நாளில் ஆண்டவரின் இரக்கம் கிடைக்கட்டும் என்று தனியாக வேண்டுகிறார். அவர் அப்போது இறந்துவிட்டிருந்தார் என்றே வேத அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அப்போஸ்தலர்களுக்குப் பின் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? சின்ன ஆசியாவில் அபேர்சியுஸ் என்ற ஆயர் 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் கல்லறைக்குத் தாமே வாசகம் எழுதிவைத்தார். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் விசுவாசி தமக்காக மன்றாட வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். 1883-இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லின் துண்டுகள் இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், ஆண்டுதோறும் இறந்தோருக்காகக் காணிக்கைப் பலி ஒப்புக்கொடுப்பதை அன்றே பழைய வழக்கமாகக் குறிப்பிடுகிறார். கீழைத் திருச்சபையாரும் இன்றுவரை இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. 998-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவர் புனித ஒதிலோ, தம் அதிகாரத்தின் கீழிருந்த மடங்களிலெல்லாம் நவம்பர் 2-ஆம் நாளை மரித்த விசுவாசிகளின் நினைவு நாளாகக் கொண்டாடப் பணித்தார். அது மெல்ல மெல்ல உலகெங்கும் பரவியது. முதல் உலகப் போர் இளைஞர்களை ஆயிரமாயிரமாக வாரிக் கொண்டுபோன 1915-இல், பாப்பரசர் 15-ஆம் பெனடிக்ட் அந்த ஒரே நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை நிறைவேற்ற அனுமதி தந்தார்.

அப்படியானால் நம் புரொட்டஸ்டாண்ட் சகோதரர் இதை வெறுக்கக் காரணம் என்ன? நம்மிடமும் குற்றம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி நாட்டில், காசு பெட்டியில் விழுந்தால் ஆன்மா விடுதலை பெறும் என்பதுபோல் பிரசங்கித்தவர்கள் இருந்தார்கள். 1517-இல் மார்ட்டின் லூத்தர் வெகுண்டெழுந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் கூடியபோது, இரண்டே இரண்டு உண்மைகளைத்தான் திட்டமாக அறிவித்தது: உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு; அங்குள்ள ஆன்மாக்களுக்கு நம் மன்றாட்டுகளும், சிறப்பாகத் திருப்பலியும் உதவுகின்றன. அத்தோடு வீண் ஆராய்ச்சிகளையும் மூடநம்பிக்கைகளையும் பண ஆசை வாடை வீசும் செயல்களையும் ஆயர்கள் தடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கட்டளையிட்டது. அங்கே எத்தனை ஆண்டு, நெருப்பு எப்படிப்பட்டது, அது எந்தத் திசையில் என்றெல்லாம் திருச்சபை வரையறுக்கவில்லை. பழைய கோவில் சுவர்களில் தீச்சுவாலைக்கு நடுவே கைகூப்பி நிற்கும் உருவங்கள் ஓவியனின் கற்பனை. அது விசுவாச சத்தியம் அல்ல.

உத்தரிக்கிற ஸ்தலம் என்பது இரண்டாம் வாய்ப்பும் அல்ல; சின்ன நரகமும் அல்ல. கடவுளின் அன்பில் இறந்தும், அந்த அன்புக்கு முழுத் தகுதி பெறாதவர்கள் தூய்மையாகும் நிலை அது. பகல் காட்சி பார்த்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசச் செய்கிறதே, கண்ணீர்கூட வருகிறதே! அது சூரியன் நமக்குச் செய்யும் கொடுமையா? இருட்டில் பழகிய கண் ஒளிக்குப் பழகும்போது உண்டாகும் வேதனை அது. வேதனை இருந்தாலும் யாரும் மறுபடி இருட்டுக்குள் ஓடிப்போக விரும்புவதில்லை. 1510-இல் மரித்த ஜெனோவா நகர்ப் புனித கத்தரீனம்மாள், விண்ணக மகிழ்ச்சி ஒன்றைத் தவிர, உத்தரிக்கும் ஆன்மாக்களின் மகிழ்ச்சிக்கு ஈடான மகிழ்ச்சி வேறில்லை என்று கருதினார். பாப்பரசர் 16-ஆம் பெனடிக்டும் 2007-இல் நம்பிக்கை பற்றி எழுதிய சுற்றுமடலில், கிறிஸ்துவைச் சந்திப்பதே அந்த நெருப்பு என்ற கருத்தை எடுத்து விளக்குகிறார். ஆம், தீர்ப்பு சாவோடு முடிகிறது. நம் செபம் தீர்ப்பை மாற்றுவதில்லை. வீட்டுக்குள் வரவேண்டும் என்று முடிவானவர் வாசலில் நின்று காலைக் கழுவும்போது, உள்ளேயிருந்து ஒருவர் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதுபோலத்தான் நம் செபம்.

"கடவுள் தாமே ஊற்றக்கூடாதா?" என்று கேட்கலாம். ஊற்றலாம். அவர் நினைத்தால் பசித்தவனுக்கும் தாமே சோறு போடலாம். ஆனால் அதை நம் கையில் விட்டிருக்கிறார். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கும்படிதான் அவர் நம்மைப் படைத்திருக்கிறார்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. டப்பாவை மூடிவிட்ட எங்கள் தோழியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அண்ணன் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அடக்கத்திற்கு வந்த உறவினர் ஒருவர், அவள் காதில் விழும்படியாகவே, "இவனுக்குச் செபித்து என்ன ஆகப்போகிறது? போன இடம் தெரிந்ததுதானே!" என்று சொன்னாராம். அன்றிலிருந்து வீட்டில் இரவுச் செபமாலை முடிவில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காகப் பரலோக மந்திரம் சொல்லும்போது, அவள் உதடு மட்டும் அசையுமாம். மனத்தில் அண்ணன் பெயரைச் சொல்ல அச்சம். "சொல்லலாமா? சொன்னால் கடவுள் கோபிப்பாரா?" இதுதான் அவள் கேள்வி. நாங்கள் படித்ததும் கேட்டறிந்ததும் எல்லாம் இந்தக் கேள்விக்காகத்தான்.

1917-இல் வெளியான பழைய திருச்சபைச் சட்டம், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது என்பது உண்மை. அந்த நினைவுதான் இன்னும் பல குடும்பங்களில் சாபம்போல் நிற்கிறது. ஆனால் 1983-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தற்கொலை கனமான பாவம் என்பதை அது மாற்றவில்லை; ஆனால் மனநோயும் தாங்கமுடியாத அச்சமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்று சொல்கிறது. அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நாம் அவநம்பிக்கை கொள்ளக்கூடாது. கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர் அவர்களுக்கு மனந்திரும்ப வாய்ப்பளிக்க முடியும் என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது.

1859-இல் மரித்த ஆர்ஸ் நகர்ப் பங்குக்குரு புனித ஜான் மரிய வியான்னியைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. கணவன் பாலத்திலிருந்து குதித்து இறந்துபோன துக்கத்தில் ஒரு பெண் அவருடைய கோவிலுக்கு வந்திருந்தாள். முன்பின் அறியாத அவளிடம் அவராகவே வந்து, பாலத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே அவனுக்கு மனத்தாபப்பட நேரம் இருந்தது என்றும், அவனுக்காகச் செபிக்க வேண்டும் என்றும் கூறினாராம். அந்தக் கணநேரத்தில் ஓர் உள்ளத்தில் என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? நேற்று, இன்று, நாளை என்ற எல்லை நமக்குத்தான், கடவுளுக்கு இல்லை. இன்று ஒரு தங்கை முழந்தாளிட்டுச் சொல்லப்போகும் செபத்தை, அண்ணனின் அந்தக் கடைசி நிமிடத்திலேயே அவர் கேட்டிருக்கக் கூடும் அல்லவா?

தங்கை அண்ணனுக்காகச் செபிப்பதைப் பற்றிப் பேசும்போது இன்னோர் உடன்பிறந்தாளையும் சொல்லியாக வேண்டும். 203-இல் கார்த்தேஜ் நகரில் வேதசாட்சியாக மரித்த புனித பெர்பெத்துவாவுக்கு அப்போது வயது ஏறத்தாழ 22. கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் இருந்தபடி தன் நாட்களைத் தானே எழுதிவைத்தாள். ஒரு பெண் எழுதி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிறிஸ்தவ ஏடுகளில் அது ஒன்று. ஒருநாள் செபிக்கும்போது, ஏழு வயதில் முகத்தில் புண் வந்து இறந்துபோன தம்பி தினோக்கிராத்தஸின் பெயர் அவளறியாமல் வாயில் வந்துவிட்டது. அன்றிரவு அவனைக் காட்சியில் கண்டாள். இருளான இடம், தாகத்தால் வாடி நிற்கிறான், அருகில் தண்ணீர்த் தொட்டி இருந்தும், அதன் விளிம்பு அவன் தலைக்கு மேல் இருந்ததால் எட்டவில்லை. விழித்தெழுந்தவள் இரவும் பகலும் தம்பிக்காக அழுது மன்றாடினாள். சில நாட்கள் கழித்து மீண்டும் கண்டாள்: இடம் ஒளியாக இருந்தது; தொட்டியின் விளிம்பு அவன் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருந்தது; முகப்புண் ஆறித் தழும்பாகியிருந்தது. வேண்டிய மட்டும் குடித்துவிட்டு, சிறுபிள்ளைகள் செய்வதுபோல் தண்ணீரில் விளையாடப் போனான். கொடிய விலங்குகளுக்கு முன் நிற்கப்போகும் ஒரு பெண், தன் சாவைப் பற்றிக் கவலைப்படாமல், என்றோ இறந்த தம்பியின் தாகத்தைப் பற்றிக் கவலைப்பட்டாள்! கிறிஸ்தவ அன்பு எத்தகையது என்பதை விளக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இதிலிருந்து நாங்கள் கண்ட உண்மை ஒன்றுதான். இறந்தோருக்காகச் செபிப்பது தீர்ப்பிடாமல் அன்பு செய்வதாகும். ஒருவர் விண்ணகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை ஆராய்ந்து புனிதர் பட்டம் அளிப்பதுண்டு. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று எந்த ஒரு மனிதரைப் பற்றியும் அது தீர்ப்புக் கூறியதில்லை. திருச்சபையே சொல்லத் துணியாததை அடக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்லலாமா?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது இன்று பெருகிவருகிறது. யார் இறந்தாலும் மறுநாளே "ஆண்டவரின் மடியில் இளைப்பாறுகிறார்" என்று தெருமுனையில் படத்துடன் பேனர் கட்டிவிடுகிறோம். இறந்தவரைப் புகழ்வது எளிது. அவருக்காக முழந்தாளிடுவது கடினம். பளபளக்கும் கிரானைட் கல்லறை கட்டுகிறோம். முப்பதாம் நாளில் ஊருக்கே விருந்து வைக்கிறோம். பூசைக் கருத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பூசைக்கு நாம் போவதில்லை! பூசைக் காணிக்கை விலையல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். காணிக்கை இல்லாவிட்டாலும், சிறப்பாக ஏழைகளின் கருத்துக்காகக் குருக்கள் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டமே பரிந்துரைக்கிறது. ஆகவே பணமில்லை என்று எந்த ஏழைத்தாயும் மகன் பெயரைச் சொல்லாமல் திரும்பவேண்டியதில்லை.

புனித மோனிக்காவைப் பாருங்கள். 387-இல் ஒஸ்தியா துறைமுகத்தில், சொந்த ஊரை விட்டு வெகுதொலைவில் அவர் நோயுற்றுப் படுத்தார். கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டவர், கடைசியில் அதையும் விட்டுவிட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதைத்துக்கொள்ளலாம். எங்கிருந்தாலும் பீடத்தருகில் தம்மை நினைவுகூர வேண்டும் என்று மட்டும் மக்களிடம் கேட்டுக்கொண்டார். மகன் அகுஸ்தீனாருக்குத் தம் தாயின் புனிதம் தெரியாதா? தெரிந்தும், அவரைப் புனிதர் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை; தாயின் பாவங்களை மன்னிக்குமாறு கடவுளிடம் மன்றாடினார்; பல ஆண்டுகளுக்குப்பின் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில், படிப்பவர்களும் தம் பெற்றோர் இருவரையும் நினைவுகூர வேண்டும் என்று கேட்டார். புனித மோனிக்காவுக்கே செபம் வேண்டியிருந்தால், நம் வீட்டுப் பாட்டிக்கு வேண்டாமா?

கல்லறையே இல்லாதவர்களையும் நாம் நினைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, வேளாங்கண்ணித் தாயைத் தேடிவந்த திருப்பயணிகள் பலர் ஊரும் பேரும் அறியப்படாமலேயே பொதுக் குழிகளில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிய குமரிமாவட்ட மீனவர் பலரின் உடல் கரை திரும்பவேயில்லை. அவர்களின் வீட்டார் எந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்? எந்த மண்ணில் மெழுகுதிரி ஏற்றுவார்கள்? ஆனால் திருப்பலியில் ஒவ்வொரு நாளும் குருவானவர் இறந்தோரை நினைவுகூரும்போது, கடலடியில் உறங்குகிறவரும் அந்த நினைவில் அடங்குகிறார். செபத்திற்கு முகவரி தேவையில்லை என்பது எத்தனை பெரிய ஆறுதல்!

ஆகவே, அன்புத் தோழியரே, வரும் நவம்பர் மாதத்தில் நாம் சில சிறிய காரியங்கள் செய்வோம். நம் குடும்பத்தில் மறைந்தவர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, செபப்புத்தகத்தில் வைத்துக்கொள்வோம். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபிப்பவர்கள், வழக்கமான நிபந்தனைகளை நிறைவேற்றி, அந்த ஆன்மாக்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம். போகும்போது யாரும் விளக்கேற்றாத ஒரு கல்லறையில் நம் மெழுகுதிரிகளில் ஒன்றை வைத்துவிட்டு வருவோம். இறந்தவர் எவர்மீதாவது நமக்குக் கோபம் இருந்தால், அதை அங்கேயே மன்னித்துவிடுவோம். அதுவும் ஒரு செபமே. உயிரோடு இருப்பவரின் வேதனையையும் காணத் தவறாமல் இருப்போம். நம் பக்கத்தில் உட்காரும் தோழி மனம் நொந்து பேச்சைக் குறைத்துக்கொண்டால், அவளைத் தனியே விடாமல் ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ அழைத்துச் செல்வோம்.

எங்கள் தோழி நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். அந்த வாரமே, எட்டு நாள் முடியும் முன், ஒரு மாலையில் எங்களுள் நால்வர் அவளுடன் கல்லறைத் தோட்டத்திற்குப் போனோம். திருநாளன்று வைத்த மாலைகள் வாடிக் கிடந்தன. காற்று பலமாக இருந்ததால் மெழுகுதிரி இரண்டு முறை அணைந்துவிட்டது. மூன்றாம் முறை நாங்கள் ஐவரும் சுற்றி உட்கார்ந்து கையால் மறைத்துக்கொண்டோம். ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொன்னோம். முடிவில் அவள் அண்ணனின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள்.

நித்திய இளைப்பாற்றியை ஆண்டவர் அவருக்கும், நம் மரித்தோர் அனைவருக்கும் அருள்வாராக!